டிரம்மைக் கவிழ்த்தாலும் கொசு வருவது ஏன்? பெங்களூரு வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சமையலறையையும் தண்ணீரையும் சுற்றியே இருந்தன. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக் கூடியவற்றுக்கு அதற்கான வழியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. டிரம்மில் பிடித்து வைக்கிறோம். வாரம் ஒருமுறை முழுக்கக் கவிழ்த்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர் பிடிக்கிறேன். அப்படியும் சில நாளில் புழு நெளிகிறது. குழாயிலேயே முட்டை வருகிறதா?
வாசகி, ஸ்ரீராமபுரம்

குழாயில் வருவதில்லை. முட்டை உங்கள் டிரம்மிலேயே இருக்கிறது. ஆனால் தண்ணீரில் இல்லை, சுவரில் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரம் படிந்திருக்கும் உட்சுவரில் முட்டைகளைத் தனித்தனியாக ஒட்டி வைக்கும். மிளகுத்தூள் தூவியது போல் கறுப்பாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். டிரம்மைக் கவிழ்த்தால் தண்ணீர் போகும், முட்டை போகாது. காய்ந்த சுவரில் அது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அடுத்த முறை தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறி முட்டையை நனைத்ததும் பொரிந்துவிடும். நீங்கள் புதுத் தண்ணீர் பிடிப்பதே அதற்கு வாய்ப்பாகிவிடுகிறது.

ஆகவே காலி செய்தால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். தண்ணீரைக் கொட்டியதும் தேங்காய் நாரோ விறைப்பான பிரஷ்ஷோ எடுத்து, சோப்புத்தூள் போட்டு, விளிம்பிலிருந்து அடி வரை அழுத்தித் தேயுங்கள். வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் கோட்டுக்கு மேலே நாலு விரல் அகலம்தான் முக்கியம். விளிம்பின் உள்மடிப்பையும் மூடியின் அடிப்பக்கத்தையும் பலர் விட்டுவிடுகிறார்கள். கழுவிய தண்ணீரைக் காய்ந்த தரையில், வெயிலில் கொட்டுங்கள். செடிக்கு ஊற்றலாம் என்று இன்னொரு வாளியில் பிடித்து வைக்காதீர்கள். டிரம் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் பிடித்து, வேட்டித்துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் மூடியைப் போடுங்கள். வெறும் மூடி என்றால் ஓரத்து இடைவெளியில் கொசு நுழைந்துவிடும்.

முட்டை பொரிந்து கொசுவாகிப் பறக்கச் சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். வாரத்தில் ஒரே கிழமையைக் குறித்துவைத்துத் தேய்த்தால் எந்தப் புழுவும் இறகு முளைக்கும் வரை போகாது. ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறை பறந்துவிடும்.

புழு இருக்கிறதா என்று பார்க்க டார்ச் அடித்துப் பாருங்கள். கூத்தாடிப் புழு தலைகீழாகத் தொங்கி, வால்நுனிக் குழாயைத் தண்ணீரின் மேற்பரப்பில் வைத்து மூச்சு விடும். வெளிச்சமோ நிழலோ பட்டால் அடிக்கு ஓடிவிடும். உடனே “ஒன்றுமில்லை” என்று மூடிவிடாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சுக்கு மேலே வந்துதான் ஆக வேண்டும்.

டிரம் சுத்தமாக இருந்தும் கடி நிற்கவில்லை என்றால் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் பாருங்கள். இந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. பகலில் உங்களைக் கடிப்பது உங்கள் வீட்டுக் கொசு, இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கொசு. தெருவே சேர்ந்து ஒரே நாளில் தேய்த்தால்தான் முழுப் பலன்.

கேள்வி: ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு?
ஐந்தாம் வகுப்பு மாணவி, ஜெயநகர்

ஏழு. உன் கழுத்திலும் ஏழுதான். அதன் ஒவ்வொரு கழுத்தெலும்பும் ஏறக்குறைய உன் பள்ளி ஸ்கேல் நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: கேஸ் சிலிண்டரில் ‘ஏ 27’ என்று இருக்கிறது. இது கேஸின் காலாவதி தேதி என்கிறார்கள். தேதி தாண்டிய சிலிண்டர் வெடிக்குமா?
வாசகர், கே.ஆர்.புரம்

கேஸுக்குக் காலாவதி கிடையாது. அந்த எழுத்து, சிலிண்டரை அடுத்த முறை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலாண்டைக் குறிக்கிறது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்து எண் ஆண்டு. ‘ஏ 27’ என்றால் 2027 மார்ச்சுக்குள் சோதனை நடக்க வேண்டும். சிலிண்டரின் உடலையும் மேல் வளையத்தையும் இணைக்கும் பட்டைகளில், பெரும்பாலும் உட்பக்கம் பார்த்து எழுதியிருக்கும். தேதி தாண்டினால் மறுநாளே வெடித்துவிடாது. ஆனால் சோதிக்காத பாத்திரத்தை வீட்டில் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? டெலிவரி ஆள் வாசலில் நிற்கும்போதே பார்த்து, தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள்.

அதே வாசலில் இன்னொன்றையும் செய்யலாம். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். வீட்டுச் சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. இரண்டையும் கூட்டி, கொண்டு வந்தவரின் தராசில் தொங்கவிட்டுப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை.

எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால், ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ் வரை ஒரு பட்டையாகத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். மேல்பகுதி சீக்கிரம் காயும், கீழ்ப்பகுதி ஈரமாகவே நிற்கும். அந்த எல்லைக்கோடுதான் உள்ளே திரவத்தின் மட்டம். திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் அந்தப் பகுதி குளிர்ந்து இருக்கிறது.

முடியப் போகும் சமயம் வாடை கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். எல்பிஜிக்குச் சொந்த மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது கேஸைவிட மெதுவாக ஆவியாவதால் கடைசித் திரவத்தில் அதன் பங்கு கூடிவிடுகிறது. அதற்காக வாடையை அலட்சியம் செய்யக் கூடாது. டியூப்பிலும் ரெகுலேட்டர் இணைப்பிலும் சோப்புநுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்பைக் காட்டிச் சோதிப்பது உயிரோடு விளையாடுவது.

சிலிண்டரைப் படுக்க வைத்து மிச்சத்தை எரிக்கிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அப்போது ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும், அடுப்பில் தீ குபீரென்று எழும்.

எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். பைப் கேஸ் காற்றைவிட லேசு, கூரைப் பக்கம் சேரும். பெங்களூரில் இப்போது இரண்டும் புழங்குவதால் வீடு மாறியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எதுவானாலும் வாடை வந்தால் ரெகுலேட்டரையோ வால்வையோ மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து வெளியே வாருங்கள். எந்த ஸ்விட்சையும் போடாதீர்கள், போட்டிருப்பதை அணைக்கவும் செய்யாதீர்கள். இரண்டிலுமே பொறி வரும். எல்பிஜி கசிவுக்கு அவசர உதவி எண் 1906.

கேள்வி: தமிழில் பால், இங்கே ஹாலு. பத்து, ஹத்து. கன்னடக்காரர்களுக்கு ‘ப’ வராதா?
புதிதாக வந்த வாசகர், ஒயிட்ஃபீல்டு

நன்றாகவே வரும். பழைய கன்னடத்தில் இவையெல்லாம் ‘ப’வில்தான் தொடங்கின. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் பாலும் புலியும் நம் பக்கத்து உருவத்திலேயே இருக்கும். 10-ஆம் நூற்றாண்டையொட்டி, சொல்லின் முதலில் வரும் ‘ப’ மெல்ல ‘ஹ’வாக மாறத் தொடங்கி, சில நூற்றாண்டுகளில் மாற்றம் முழுமையானது. அரச வம்சத்தின் பெயரே சாட்சி: முதலில் பொய்சளர், பிறகு ஹொய்சளர்.

புதிதாக வந்தவர்களுக்கு இது நல்ல குறுக்குவழி. ‘ஹ’வில் தொடங்கும் கன்னடச் சொல் புரியாவிட்டால் ‘ப’ போட்டுப் பாருங்கள். ஹூ பூவாகும், ஹல்லு பல்லாகும், ஹுல்லு புல்லாகும், ஹாடு பாடு, ஹொன்னு பொன், ஹெசரு பெயர். ‘ஹளே’ என்றால் பழைய, ‘ஹொச’ என்றால் புதிய. ஓசூர் என்று நாம் சொல்லும் ஹொசூரு வேறொன்றுமில்லை, புதூர்தான். ஆனால் வடமொழியிலிருந்து வந்தவற்றில் இது செல்லாது. பூஜெ, புஸ்தக எல்லாம் ‘ப’வாகவே நிற்கின்றன.

இன்னொரு வரிசையும் உண்டு. நம் ‘வ’ அங்கே ‘ப’: வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, விரல் பெரளு, வேண்டும் பேகு. இந்த ‘ப’வைப் பம்பரத்தின் நடு ‘ப’ போலச் சொல்ல வேண்டும்.

எல்லா இடத்திலும் கன்னடம்தான் மாறியது என்று நினைத்துவிட வேண்டாம். செவிக்கு அவர்கள் சொல்வது கிவி, சேரிக்குக் கேரி, சிவப்புக்குக் கெம்பு. இங்கே மூல ஒலியைக் காப்பாற்றி வைத்திருப்பது கன்னடம். இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் ‘க’வை ‘ச’ ஆக்கிக்கொண்டது தமிழ். கெம்புக்கல் தோடு என்று நகைக்கடையில் கேட்கும்போது அந்தப் பழைய ‘க’வைத்தான் நாமும் உச்சரிக்கிறோம்.

வேக வைத்த அவரையால்தான் பெங்களூருக்கு அந்தப் பெயர் வந்தது என்ற கதையையும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள, சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த நடுகல்லில் ‘பெங்களூரு’ என்ற பெயர் இருக்கிறது. அவரைக் கதையில் வரும் அரசர் அதற்குச் சில நூற்றாண்டு பிந்தியவர். எனவே கதை நிற்காது. நேரம் கிடைத்தால் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்கும் போய் வாருங்கள், அங்கே தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன.

கேள்வி: சென்னையில் மூன்று விசிலில் குழையும் துவரம்பருப்பு, இங்கே ஆறு விசில் விட்டாலும் முழுசு முழுசாக நிற்கிறது. பெங்களூர் உயரத்தில் இருப்பதால்தானா?
வாசகி, மாரத்தஹள்ளி

உயரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் முதல் காரணம் அதுவாக இருக்காது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கொதிநிலை குறையும். ஆகவே இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்து வேக வைப்பவர்களுக்கு நேரம் கூடும். குக்கருக்குள் அப்படி இல்லை. வெளிக்காற்றைவிட எவ்வளவு அழுத்தம் கூடினால் ஆவி வெளியேற வேண்டும் என்பதை வெயிட்தான் தீர்மானிக்கிறது. கடற்கரையில் 121 டிகிரி என்றால் இங்கே ஒன்றிரண்டு டிகிரி குறையலாம். மூன்று விசிலை ஆறாக்க அது போதாது.

சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. போர் தண்ணீரிலும் டேங்கர் தண்ணீரிலும் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். பருப்பின் செல்களைப் பெக்டின் என்ற பொருள் ஒட்டி வைத்திருக்கிறது, அது கரைந்தால்தான் பருப்பு குழையும். கால்சியம் அதோடு சேர்ந்து ஒட்டை இன்னும் இறுக்கிவிடும். அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு உருண்டையாகவே நிற்கும்.

ஒரே குக்கரில் இதைச் சோதித்துவிடலாம். இரண்டு சின்னக் கிண்ணத்தில் அரைக் கப் பருப்பு. ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்ஓ தண்ணீர், இரண்டிலும் ஒன்றேகால் கப். மஞ்சள், உப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். நாலு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கிய பின் கரண்டியால் மசியுங்கள். ஆர்ஓ கிண்ணம் மட்டும் குழைந்திருந்தால் குற்றவாளி தண்ணீர். இரண்டுமே மசியவில்லை என்றால் பருப்பு பழையது. வெப்பமும் ஈரமும் உள்ள கிடங்கில் நாள்பட்ட பருப்புக்கு அந்தக் குணம் வந்துவிடும், கடையை மாற்றுங்கள்.

தண்ணீர்தான் காரணம் என்றால் ஊற வைக்கவும் வேக வைக்கவும் காவேரித் தண்ணீரோ குடிநீரோ பயன்படுத்துங்கள். அரை மணி நேரம் வெந்நீரில் ஊறட்டும். புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான், ஏனென்றால் புளிப்பு பெக்டினைக் கரைய விடாது. உப்பைப் பலரும் பழிக்கிறார்கள். அது தேவையில்லை, உப்புப் போட்ட தண்ணீரில் ஊறிய பயறு இன்னும் மிருதுவாகவே வேகும். வேறு வழியே இல்லையென்றால் ஒரு கப் பருப்புக்கு ஒரு சின்னச் சிட்டிகை ஆப்பசோடா. அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் வீணாகும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடுவது வேகுவதற்காக அல்ல, நுரை பொங்கி ஆவித்துளையை அடைக்காமல் இருக்க. குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

கேள்வி: பல்லி விழுந்த சாம்பார் விஷமா? கூரையில் அது எப்படி ஒட்டிக்கொள்கிறது?
வாசகர், சிவாஜிநகர்

நம் வீட்டுப் பல்லியின் உடம்பில் விஷம் கிடையாது. ஆனால் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம், எனவே விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிடுவதே சரி. சால்மொனெல்லாவால் வரும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் சாப்பிட்ட 6 மணி நேரம் முதல் 6 நாளுக்குள் தெரியும். பாத்திரத்தில் பல்லியைப் பார்த்த மறுநிமிடமே வரும் வாந்திக்குப் பெரும்பாலும் அருவருப்பும் பயமும்தான் காரணம். வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

ஒட்டிக்கொள்வதற்குப் பசை எதுவும் இல்லை. விரல்களின் அடியில் லட்சக்கணக்கான நுண்முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்திருக்கும். அவை சுவருக்கு அவ்வளவு நெருக்கமாகப் படிவதால், மூலக்கூறுகளுக்கு இடையே இயல்பாக இருக்கும் ஈர்ப்பே உடம்பைத் தாங்கப் போதுமானதாகிவிடுகிறது. காலை எடுக்க வேண்டுமானால் விரல்நுனியை மேல்நோக்கிச் சுருட்டி உரித்தெடுக்கும். கண்ணாடி ஜன்னலின் வெளிப்பக்கம் ஊரும் பல்லியை உள்ளேயிருந்து பார்த்தால் இது நன்றாகத் தெரியும். டெஃப்லான் தடவிய பரப்பில் மட்டும் இந்த வித்தை பலிக்காது.

அதற்கு இமை கிடையாது, கண்ணை நாக்கால் நக்கித்தான் துடைக்கும். அறுந்த வால் மறுபடி முளைக்கும், ஆனால் உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு.

கேள்வி: விடியற்காலையில் கூவுவது ஆண் குயிலா, பெண் குயிலா?
வாசகி, ஃபிரேசர் டவுன்

ஆண். உடம்பெல்லாம் பளபளக்கும் கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், ‘கிக் கிக்’ என்று மட்டும் கத்தும். காக்கை முட்டைக்கு முன்பே குயில் முட்டை பொரிந்துவிடுவதால் காக்கைக் கூட்டில் முதல் இரை குயில் குஞ்சுக்குத்தான்.

கேள்வி: மல்லேஸ்வரத்தை ஒட்டிய இந்திய அறிவியல் கழக வளாகத்தில் தேவாங்கு இருப்பதாகச் சொல்கிறார்களே, நகரத்துக்குள் எப்படி?
கல்லூரி மாணவர், மல்லேஸ்வரம்

இருக்கிறது. யாரும் கொண்டுவந்து விட்டதல்ல. நகரம் வளர்ந்து வந்தபோது பழைய மரக்கூட்டம் எங்கே மிஞ்சியதோ அங்கே அதுவும் மிஞ்சியது. தேவாங்கு நம்மைப் போலவே முதனி இனம், குரங்குகளுக்குத் தூரத்து உறவு. உடம்பு ஒரு சாண் நீளம், எடை ஏறக்குறைய கால் கிலோ, வால் கிடையாது. இரவில் மட்டும் நடமாடும். வண்டு, எறும்பு, பூச்சிகள், சில நேரம் பல்லி, மரப்பிசின், இதுதான் சாப்பாடு. இரவில் தனியாக இரை தேடும், பகலில் அடர்ந்த கிளைகளில் கூட்டமாகச் சுருண்டு தூங்கும்.

அது தாவாது என்பதுதான் அதன் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. ஒரு கிளையைப் பின்காலால் பிடித்தபடி அடுத்த கிளையை முன்கையால் எட்டிப் பிடித்து, ஓசையே இல்லாமல் நகரும். கை எட்டவில்லை என்றால் அந்த மரத்தோடு பாதை முடிந்தது. பிறகு தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும், அங்கே நாயும் வண்டியும் காத்திருக்கின்றன. சாலையோர மரம் ஒன்றை வெட்டாமல் கிளைகளை மட்டும் கழித்தால்கூட, இரண்டு மரக்கூட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரே பாலம் போய்விடலாம். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கிளை கழிக்க ஆள் வரும்போது, பக்கத்து மரத்தைத் தொடுகிற கிளைகளையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். தேவாங்கு இல்லாத இடத்திலும் அணிலுக்கு உதவும்.

பார்க்க வேண்டுமானால் டார்ச்சில் சிவப்பு செலோஃபேன் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் இரவுக் கண்ணைக் கூசச் செய்து அதைத் தடுமாற வைக்கும். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாகக் கிளைகளின் மேல் ஓட்டினால், கண்ணின் பின்புறத்தில் உள்ள ஒளி திருப்பும் படலத்தால் இரண்டு தணல்பொட்டுகள் தெரியும். ஒளியைத் திருப்பும் கண் பூனைக்கும் உண்டு. தேவாங்கின் பொட்டுகள் கிளையோடு மெல்ல நகரும், திடீரென்று குதிக்காது. வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள்.

மாந்திரீகத்துக்கு என்று இதைப் பிடித்து வதைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வெட்கக்கேடு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணை விலங்கு. வைத்திருப்பதே குற்றம். எங்காவது விற்பனைக்குப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் அது.

கேள்வி: ரூபாய் நோட்டில் தமிழ் எத்தனையாவது வரி?
வாசகர், அல்சூர்

பின்பக்கக் கட்டத்தில் உள்ள 15 மொழிகளில் 13-ஆவது. ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருப்பதால் கன்னடம் 4-ஆவது, தெலுங்கு நமக்கு அடுத்த வரி. நோட்டில் பெரிதாக இருக்கும் இந்தியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தால் மொத்தம் 17. முன்பக்கத்து இரு ஓரங்களிலும் சாய்வாகத் தடித்த கோடுகளைத் தடவிப் பாருங்கள்: 100 ரூபாயில் 4, 500 ரூபாயில் 5, 200 ரூபாயில் 4 கோடுகளோடு நடுவே 2 வட்டங்கள். பார்வையற்றவர்கள் விரலால் அடையாளம் காண வைத்தது.

கேள்வி: ஓட்டுப் போட்ட மையை எலுமிச்சை, பெட்ரோல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதில் என்ன இருக்கிறது?
வாசகி, பானஸ்வாடி

சில்வர் நைட்ரேட். தோலில் இருக்கும் உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடு ஆகிறது. அது தண்ணீரிலும் சோப்பிலும் கரையாது, வெளிச்சம் பட்டால் கறுக்கும். அதாவது நீங்கள் தேய்ப்பது தோலின் மேல் பூசிய சாயத்தை அல்ல, தோலோடு கலந்த கறையை. மேல்தோல் உதிர்ந்தால்தான் விரலில் மறையும். நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் நகத்தின் அடியில் பட்ட மை நுனிக்கு வர மாதங்கள் ஆகும். பெட்ரோலும் பிளீச்சும் தோலைத்தான் புண்ணாக்கும். விட்டுவிடுங்கள்.

இந்த மை தயாராவது இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில், மைசூரில். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937-இல் தொடங்கிய அரக்கு, வர்ணத் தொழிற்சாலை இன்று மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் என்ற மாநில அரசு நிறுவனம். 1962 பொதுத் தேர்தலிலிருந்து நாட்டின் விரல்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் போகிறது.

கேள்வி: தாத்தா கேஜிஎஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். “பெங்களூருக்கு முன்னாடியே எங்களுக்குக் கரண்டு வந்துச்சு” என்பார். உண்மையா?
வாசகர், விவேக் நகர்

முழு உண்மை. சிவனசமுத்திரத்தில் காவேரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-இல் கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பியின் நீளம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர், அந்தக் காலத்தில் உலகமே பேசிய தூரம். பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தது 1905-இல்தான். தங்கத்துக்கு முதல் பந்தி கிடைத்ததற்குக் கணக்கு எளிது: ஆளையும் பாறையையும் மேலே இழுக்க, ஊறும் நீரை இறைக்க, பாறையை இடிக்க, எல்லாவற்றுக்கும் அதுவரை நீராவிதான். அதற்கு நிலக்கரி தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. மின்சாரத்தை மொத்தமாக, நிரந்தரமாக வாங்க ஒருவர் இருந்தால்தான் திட்டத்துக்குக் கட்டுப்படியாகும், அந்த வாடிக்கையாளர் சுரங்கம்.

திட்டத்துக்கு உந்துதல் தந்த திவான் சேஷாத்ரி ஐயர் 1901-இல் காலமாகிவிட்டார், விளக்கு எரிந்ததைப் பார்க்கவில்லை. சேஷாத்ரிபுரம் அவர் பெயரில் அமைந்தது. உங்கள் தாத்தாவைப் போல வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த அந்தச் சுரங்கம், 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போய், 2001-இல் மூடப்பட்டது. தாத்தா சொன்னதை எழுதி வையுங்கள். எந்த ஷாஃப்டில், எந்த ஷிஃப்டில், எத்தனை அடி ஆழத்தில் என்று கேட்டே எழுதுங்கள். அந்த விவரம் அவரிடம்தான் இருக்கிறது.

கேள்வி: ஏலக்கி வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் கறுத்துவிடுகிறதே, சாப்பிடலாமா?
வாசகி, ஹெப்பால்

தாராளமாக. குளிரில் தோலின் செல்கள் சிதைந்து கறுப்பதுதான், உள்ளே பழம் நன்றாகவே இருக்கும். பழுத்த பிறகு வைத்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கும். காயாக வைத்தால் மட்டும் கெட்டது: குளிர்பட்ட காய் வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. காய் பழுக்க வேண்டுமானால் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடுங்கள். அது வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளேயே நின்று வேலையைச் சீக்கிரம் முடிக்கும். அதே வாயு கீரையையும் கொத்தமல்லியையும் மஞ்சளாக்கிவிடும், கூடையில் இவற்றைத் தனித்தனியாக வையுங்கள்.